சுருள் எந்தப் பக்கம் தள்ளும்

தம்பி,

உன் கடிதத்தைப் படித்து முடித்துப் பல நாள் ஆகிறது. உடனே பதில் எழுதியிருந்தால் கோபத்தில் எழுதியிருப்பேன். கோபம் இன்னும் தீரவில்லை. கை மட்டும் நிதானத்துக்கு வந்திருக்கிறது. நீ கேட்டது இரண்டு. ஒன்று, வீட்டைப் பூட்டிவிட்டு உன்னோடு வந்து கனடாவிலேயே இருந்துவிட வேண்டும். மற்றது, புறப்படும் முன் மதுரைக்குப் போய் என்னுடைய இந்த நீண்ட காதுகளை வெட்டித் தைத்துக்கொள்ள வேண்டும். சம்மதம் என்று ஒரு வரி எழுதினால் போதும், மற்ற ஏற்பாட்டையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாய். ஒரு வரியில் எழுத எனக்கு வராது. இத்தனை காலத்துக்குப் பிறகு அம்மாவிடம் ஒன்று கேட்டிருக்கிறாய். நான் சொல்வதை முழுதும் கேட்டுவிட்டுத்தான் பதிலைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே. உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

உன்னைப் பார்க்கும் ஆசை எனக்கு இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. நீ போனபின் தீபாவளி சீசன்கள் வந்து வந்து போய்விட்டன. சீசன் நெருக்கத்தில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருப்பேன். பசை காய்ந்து விரலோடு விரல் ஒட்டியிருக்கும். பக்கத்தில் பாக்கியம், நம் அடுத்த வீட்டுப் பாக்கியம்தான், யாரையாவது வைதுகொண்டிருப்பாள். நடுவில் தெருவில் உன் குரல் மாதிரி ஒரு குரல் போகும். நான் தலையை நிமிர்த்த மாட்டேன். நீ இல்லை என்று தெரியும். தெரிந்தாலும் அந்தக் குரல் தெருமுனை திரும்பும்வரை என் கை உருட்டாது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி கூடப் போடுகிறேன், மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றே. காலையில் நீராகாரத்துக்கு ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அந்த ஒரு பிடியைப் போடாமல் வடிக்கும் சோறு ஏனோ குழைந்துவிடுகிறது.

காதைப் பற்றி நீ தன்மையாகத்தான் எழுதியிருக்கிறாய். அதில் குறை சொல்ல முடியாது. அங்கே கடைக்குப் போனால் ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள், பிள்ளைகள் விரலை நீட்டும், அதை என்னால் தாங்க முடியாது என்கிறாய். உன்னால் தாங்க முடியாது என்பதுதான் நீ எழுதிய வார்த்தை. என்னால் தாங்க முடியுமா என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். உன் அப்பா இறந்த அன்று காதில் தொங்கிய பாம்படத்தைக் கழற்றி வைத்தேன். அன்று முதல் இந்தக் காதுகள் வெறுமையாகத்தான் தோளில் இடிக்கின்றன. சிவகாசிக் கடைத்தெருவிலேயே இப்போது சின்னப் பெண்கள் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். அதனால் எனக்கு ஒரு வேலையும் கெடவில்லை.

உன் வேலை என்ன என்று இங்கே கேட்பவர்களுக்கு நான்தான் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பட்டாசுக் கம்பெனியில் ஒரு கிழவர், "ஒங்க மகன் ராக்கெட்டு விடுதாராமே, நம்ம சரக்க விட ஒசரமாப் போகுமா?" என்று கேட்டார். அவன் ராக்கெட் விடுபவன் இல்லை, அதற்குள் இருக்கும் பெட்டிக்குக் கம்பம் செய்கிறவன் என்றேன். எனக்கு யாரும் பாடம் சொல்லித் தரவில்லை என்பது உனக்குத் தெரியும். தீப்பெட்டி லேபிளில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். பிறகு குழாய் உருட்ட வந்த பழைய காகிதங்களில் படித்தேன். பாடப் புத்தகம், பஞ்சாங்கம், கோர்ட்டுத் தாள், எது வந்தாலும் படித்துவிட்டுத்தான் உருட்டுவேன். முதல் பக்கம் இல்லாமலும் முடிவு இல்லாமலும் படித்தே பழகியவள். அதனால் நீ எழுதுவதில் எனக்குப் பாதி புரிந்தாலே மீதியை நானே கட்டிக்கொள்வேன்.

நான் புரிந்துகொண்டது இது. அந்தப் பெட்டி, அதாவது செயற்கைக்கோள், ராக்கெட்டின் மூக்குக்குள் அடங்க வேண்டும். ஆனால் மேலே போனபின் அது ரேடியோ அலைகளைக் கேட்பதற்குக் கோவில் கோபுரத்தைவிட நீளமான ஏரியல் வேண்டும். அவ்வளவு நீளக் கம்பியை எந்த மூக்கிலும் திணிக்க முடியாது. அதனால் நீங்கள் செம்பில் வேறு ஏதோ கலந்த மெல்லிய பட்டையை எடுத்து, குழாய் மாதிரி வளைத்து, அடுப்பில் சூடேற்றி, அந்த வடிவத்தை அதற்குள் பதிய வைத்துவிடுகிறீர்கள். அப்புறம் அதைத் தட்டையாக்கி, நாடாவைச் சுற்றுவதுபோல் ஓர் உருளையில் சுற்றி வைக்கிறீர்கள். மேலே போனதும் மோட்டார் உருளையைச் சுழற்றும். பட்டை வெளியே வர வர அதன் இரண்டு ஓரமும் தாமாகவே வளைந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழாயாகிவிடும். உள்ளே இருக்கும்வரை நாடா, வெளியே வந்தால் கம்பம். தட்டையும் இல்லாமல் குழாயும் ஆகாமல் நடுவில் ஒரு சாண் இடம் இருக்கிறதே, அங்கேதான் அது பலவீனம், அந்த இடத்தைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளாவிட்டால் கம்பம் முழுதும் ஆடும் என்று எழுதினாய். அதைப் படித்தபோது, இந்தப் பையன் வேலையைத் தெரிந்துதான் செய்கிறான் என்று நினைத்தேன்.

இன்னொரு கடிதத்தில் அந்தக் குழாய் வளைவதற்கு இடம் கொடுக்காது, ஆனால் முறுக்கினால் சுலபமாக முறுக்கிக்கொள்ளும், ஓரங்கள் ஒட்டாமல் இருப்பதுதான் காரணம் என்றாய். நான் அன்றைக்கே பசை போட்ட குழாய் ஒன்றும் போடாத குழாய் ஒன்றும் உருட்டி இரண்டையும் முறுக்கிப் பார்த்தேன். பசை போட்டது அசையவில்லை. போடாததில் ஓரங்கள் வழுக்கிக்கொண்டு போக, குழாய் துணி பிழிவதுபோல் திருகிக்கொண்டது. அப்படியானால் நீங்களும் ஒட்டிவிட வேண்டியதுதானே என்று எழுதினேன். ஒட்டிவிட்டால் அதை எப்படித் தட்டையாக்கிச் சுற்றுவது என்று நீ திருப்பிக் கேட்டாய். அதுகூடத் தோன்றவில்லையே என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தக் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று உனக்குத் தெரியாது. நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் கூட நாம் ஒரு விஷயத்தைப் பற்றி இப்படிப் பேசிக்கொண்டதில்லை.

பெரிய சண்டை வந்தது சுருளைப் பற்றித்தான். சுருட்டிக் கட்டியதை அவிழ்த்துவிட்டால் நுனி ஈட்டி மாதிரி முன்னால் பாயும் என்று நான் சொன்னேன். இல்லை, சும்மா விட்டால் சுருள் இருந்த இடத்திலேயே பருக்கும், ஒவ்வொரு சுற்றும் விரிந்து, அதை வைத்திருக்கும் கூட்டின் சுவரில் போய் இறுகிக்கொள்ளும், நுனி வெளியே வராது என்றாய். அதைச் சுற்றிலும் சின்ன உருளைகளை வைத்து அமுக்கிக்கொண்டே இருந்தால்தான் அந்த வேகம் கூட்டின் வாய் வழியே வெளியேறும் என்றாய். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பட்டாசுப் பெட்டிகளைக் கட்டுகிற இரும்புப் பட்டையில் மீந்துபோன சுருள் ஒன்றைக் கம்பெனியில் கேட்டு வாங்கி வந்தேன். முற்றத்தில் வைத்து, பாக்கியத்தைக் கூப்பிட்டு, நுனி எங்கே பாய்கிறது என்று பார்க்கச் சொன்னேன்.

"ஏட்டி, ஒன் மகன் ஆகாசத்துக்கு விடுதான்னா நீயும் விடணுமாக்கும்?" என்றாள். சொல்லிவிட்டு நேர் எதிரே போய் நின்றாள். தள்ளி நில் என்று அவளை ஓரமாக விரட்டிவிட்டு, கட்டுக் கம்பியைக் குறட்டால் வெட்டினேன். அது எங்கும் பாயவில்லை. இருந்த இடத்திலேயே பூதம் மாதிரிப் பருத்து, பாத்திரங்களைத் தட்டிவிட்டு, என் முழங்கையைக் கீறிவிட்டுக் கிடந்தது. பாக்கியத்தின் கோழி அன்றிலிருந்து நம் முற்றத்துக்கு வருவதில்லை. நீ சொன்னதுதான் சரி. ஒரு முறை எழுதிவிட்டேன், இதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்காதே. உனக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். இறுக்கிக் கட்டி வைத்த எதையும் அவிழ்க்கும்போது எதிரே நிற்காதே, பக்கத்திலும் நிற்காதே. மேலே அனுப்பும் முன் அறையில் வைத்து அதை விரித்துப் பார்ப்பீர்களாமே, அப்போதும் அப்படித்தான்.

ஆனால் காதோலை விஷயத்தில் நீ சொன்னது தப்பு. பெரிய ஆட்கள் முன்னால் உன் வேலையை விளக்கிப் பேசச் சொன்னார்களாம். சுருண்ட பட்டை தன் வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும் என்பதைக் காட்ட, எங்கள் ஊரில் பெண்களின் காதுத் துளையில் பனையோலையைச் சுருட்டி வைப்பார்கள், அந்தச் சுருள் காதைக் கீழே இழுத்து நீட்டிவிடும், என் தாயின் காது அப்படித்தான் நீண்டது என்று சொன்னாயாம். எல்லோரும் ரசித்தார்கள் என்று பெருமையாக எழுதியிருந்தாய். ஓலை கீழே இழுக்காது, தம்பி. சுருட்டி வைத்த ஓலை விரியப் பார்த்து, சுற்றிலும் ஒரே மாதிரித் தள்ளும். துளை அகலும். கொஞ்ச நாளில் ஓலை சலித்துத் தள்ளுவதை நிறுத்திவிடும், அதை எடுத்துவிட்டு இன்னும் பெரிய சுருளாக வைப்பார்கள். துளை போதுமான அளவு ஆனபின் ஈயக் குணுக்கை, கனமான வளையத்தை, மாட்டுவார்கள். கீழே இழுத்தது அந்தக் குணுக்கு. ஓலை தள்ளும், ஈயம் இழுக்கும். இரண்டும் வேறு வேறு வலி. உங்கள் பட்டையும் அப்படி வெகு நாள் சுற்றிக் கிடந்தால் சலித்துவிடாதா என்று அப்போது கேட்டேன். உலோகம் ஓலையைப் போல் அவ்வளவு சீக்கிரம் சலிக்காது, அதையெல்லாம் முன்பே கணக்குப் பண்ணிவிட்டோம் என்று எழுதினாய். நல்லது.

இப்போது கேட்கிறேன். அந்த ஊரில் பேச்சில் எடுத்துச் சொல்ல ஆகிற காது, அந்த ஊர் வாசலில் வந்து நிற்க ஆகாதா? ஆகாயத்தில் போகிற பெட்டிக்கு நீளக் காது வைத்துக் கொடுக்கிறவன் நீ. அம்மாவின் காதுதான் உனக்கு நீளமாகப் போயிற்று.

நீ ஓலையையும் ஈயத்தையும் குழப்பிக்கொண்டதற்குக் காரணம், நீ என் காதைச் சரியாகப் பார்த்ததே இல்லை. சின்ன வயதில் அதற்குள் நாலு விரலையும் விட்டுப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாய். எடுத்துவிட்டால் தூக்கத்திலேயே தேடுவாய். பெரியவன் ஆனபின் என் முகத்தைப் பார்த்துப் பேசினாலும் கண் காதுப் பக்கம் போகாது. நீ சென்னைக்கு இன்ஜினீயரிங் படிக்கப் புறப்பட்ட அன்று விருதுநகர் ஸ்டேஷனில் நடந்தது உனக்கு மறந்திருக்கும். உன்னோடு படிக்கப் போகிற பையன் ஒருவன் தன் அப்பா அம்மாவோடு பிளாட்பாரத்தில் வந்தான். நீ சட்டென்று என் பக்கம் குனிந்து, "அம்மா, முக்காடு போட்டுக்க. வெயிலா இருக்கு" என்றாய். பொழுது அடைகிற நேரம். "வெயில் எங்கனலே இருக்கு?" என்றேன். நீ பெட்டியின் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் முக்காடு போடவில்லை. அந்தப் பையனின் அம்மா என்னிடம் வந்து, "நீங்க தனியாத்தான் வீட்டுக்குப் போகணுமா, எங்க வண்டில வாங்க" என்று கூப்பிட்டார். அவருக்கு என் காது ஒரு தொந்தரவாகத் தெரியவில்லை. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ரயில் போனபின் பிளாட்பார பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

உங்கள் செயற்கைக்கோள் இந்த ஊர் மேலேயும் போகும், ஆனால் வெறும் கண்ணுக்குத் தெரியாது என்று ஒரு தரம் எழுதினாய். தெரியாததைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள் நான் இல்லை. ஆனாலும் வேலை விட்டு வரும்போது மற்றவர்கள் தரையைப் பார்த்து நடக்கிறார்கள், நான் நிமிர்ந்து நடக்கிறேன். கழுத்து வலிக்கு நல்லது என்று பாக்கியத்திடம் சொல்லி வைத்திருக்கிறேன். அந்தச் சமயத்தில்தான் உன்னிடம் கேட்டேன், வெளியே நீண்ட கம்பம் மறுபடி உள்ளே சுருண்டு வருமா என்று. மோட்டாரை எதிர்ப்பக்கம் சுழற்றினால் சில வகை வரும், ஆனால் போன வேலை முடியும்வரை யாரும் அப்படித் திருப்ப மாட்டார்கள், முடிந்தபின் திருப்ப அவசியமும் இல்லை என்று பதில் போட்டாய். அம்மா உவமை சொல்கிறாள் என்று நீ நினைத்திருந்தால், இல்லை. நான் பட்டையைப் பற்றித்தான் கேட்டேன். பதிலும் பட்டையைப் பற்றியே வந்தது. அதில் எனக்கு வருத்தம் என்று நான் சொன்னேனா?

இனி நடந்ததை எழுதுகிறேன். உன் கடிதம் வந்து கொஞ்ச நாள் வழக்கம்போல் வேலைக்குப் போய் வந்தேன். அப்புறம் ஒரு நாள் காலையில் குளித்து, பாக்கியத்திடம் மட்டும் சொல்லிவிட்டு, மதுரை பஸ்ஸில் ஏறினேன். ஏன் போனேன் என்று கேட்காதே. உன் முகத்தைப் பார்த்து எவ்வளவு காலம் ஆகிறது என்று அன்று காலையில் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தபோது தோன்றியது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி பெஞ்சில் என்னைப்போல் இன்னும் சில பெண்கள் இருந்தார்கள். எல்லோரையும் மகளோ மருமகளோ கூட்டி வந்திருந்தார்கள். நர்ஸ் நம் பக்கத்துப் பெண், பேச்சிலேயே தெரிந்தது. "எதுக்கும்மா இப்ப வந்தீக? மருமக சொல்லுதாளா?" என்றாள்.

"மகன் சொல்லுதான்."

"எங்கன இருக்காரு?"

"கனடாவுல."

"அங்கன இருந்து பாத்தா தெரியுதாக்கும்?" என்று கேட்டுவிட்டு ஊசி மருந்தை எடுக்கப் போனாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அவள் திரும்பி வருவதற்குள் துடைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா நல்லவர். உங்கள் வயதுக்குப் புண் மெதுவாகத்தான் ஆறும், இன்று ஒரு காது, அது ஆறினபின் மற்றது என்றார். வெட்டும்போது வலி இல்லை, இழுப்பது மட்டும் தெரிந்தது. வெட்டின சதையை என்ன செய்தீர்கள் என்று நர்ஸிடம் கேட்டேன். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கட்டுப் போட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். காற்றில் ஒரு காதுதான் ஆடியது. சிவகாசி வரும்வரை கையால் அதைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

புண் ஆறிவிட்டது. தையல் பிரித்தாயிற்று. மற்றக் காதுக்கு வரச் சொன்ன நாள் வந்தது, நான் போகவில்லை. பாக்கியம் என்னைச் சும்மா விடவில்லை. "ஒத்தக் காதோட பிளேன்ல ஏறுவியாக்கும்?" என்று கேட்டாள். "டிக்கெட்டு காதுக்கா போடுதாக?" என்றேன். அவள் சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. எனக்குப் பயம் என்று அவள் நினைக்கிறாள். பயம் இல்லை. நீ கேட்டதை மறுத்துவிட்டு உன்னைப் பார்க்காமல் சாக எனக்கு மனம் இல்லை. நீ கேட்டதை முழுதும் செய்துவிட்டு உன் முன்னால் வந்து நிற்கவும் மனம் இல்லை. ஒன்றை உனக்காக வெட்டினேன். மற்றது என்னுடையது, அது அப்படியே இருக்கும். அதை ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கும்போது என் பக்கத்தில் நடப்பது உன் பங்கு. அதைத் தாங்க முடியாது என்றால் இப்போதே எழுதிவிடு, நான் கோபப்பட மாட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன், கோபப்படுவேன், வரவும் மாட்டேன்.

முடியும் என்றால், வருகிறேன். இதுதான் நீ கேட்ட ஒரு வரி. அங்கேயே இருந்துவிடுவேனா என்பதை வந்து பார்த்தபின்தான் சொல்வேன். வீட்டை விற்க மாட்டேன். அந்த ஊரில் யாரையாவது கட்டிக்கொள்ளும் எண்ணம் உனக்கு இருந்தால் நான் வரும் முன்பே அந்தப் பெண்ணிடம் என்னைப் பற்றிச் சொல்லி வை, ஓலை எது ஈயம் எது என்று சரியாகச் சொல். மோர் மிளகாய் கொஞ்சம் கொண்டு வருவேன், வேறு எதுவும் கேட்காதே.

எந்தக் காதை வெட்டினேன் என்று எழுத மாட்டேன், நீயே பார்த்துத் தெரிந்துகொள். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த போட்டோவையும் உனக்கு அனுப்ப மாட்டேன். பிளேனில் இருந்து இறங்கி வரும்போது எனக்கு அங்கே யாரையும் தெரியாது, அவர்கள் பேசுவதும் புரியாது. நீ எந்த மூலையில் நின்றாலும் அங்கிருந்து கூப்பிடு. உன்னோடு வேலை செய்கிறவர்கள் பக்கத்தில் நின்றாலும் சத்தமாகக் கூப்பிடு. எந்தப் பக்கம் இருந்து கூப்பிடுகிறாயோ அந்தப் பக்கம் திரும்புவேன்.

உன் அம்மா